ரியாக்ட் தளத்தை எந்த பிரேம்வொர்க்குக்கு மாற்றுவது? நெக்ஸ்டா, லாராவெலா, ஜாங்கோவே போதுமா?

அட்டைப்படம் (கேள்வி கேட்டவர்)

வணக்கம். ஒரு சிறு பதிப்பகத்தின் புத்தகப் பட்டியல் தளத்தை நானும் ஒரு நண்பரும் பார்த்துக்கொள்கிறோம். அறுநூறுக்கு மேல் தலைப்புகள் உண்டு. முன்பக்கம் ரியாக்ட் (பக்கங்களை வரையும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்), 2021இல் கிரியேட் ரியாக்ட் ஆப் என்ற தொடக்கக் கருவியை வைத்துத் தொடங்கியது. பின்னால் சர்வரில் ஜாங்கோ என்ற பைதான் பிரேம்வொர்க் (தளம் கட்டுவதற்கான சட்டகம்); அது பக்கங்களைத் தராமல் ஜேசன் வடிவில் தரவை மட்டும் தருகிறது.

எந்தப் புத்தகத்தின் லிங்க்கை வாட்ஸ்அப்பில் போட்டாலும் பதிப்பகத்தின் பெயரும் லோகோவும்தான் வருகின்றன. புத்தகத்தின் பெயரும் அட்டையும் வருவதே இல்லை. வாசகர் குழுக்களில் பகிரப்படும் லிங்க்குகளை நம்பித்தான் எங்கள் விற்பனை ஓடுகிறது, அதனால் இது பெரிய தலைவலி. இன்னொன்று, விலை குறைந்த போனில் திறந்தால் வெகுநேரம் வெள்ளைத் திரைதான்.

கிரியேட் ரியாக்ட் ஆப்பை இனிப் புதிதாக யாரும் எடுக்க வேண்டாம் என்று ரியாக்ட் குழுவே 2025 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. எப்படியும் மாற்றியாக வேண்டும். ஒருவர் ரியாக்ட்டை வைத்தே கட்டிய நெக்ஸ்ட்.ஜேஎஸ் என்கிறார், ஒருவர் பிஹெச்பி மொழியின் லாராவெல் என்கிறார். எங்கள் இருவருக்கும் பைதான் நன்றாக வரும்; ஜாவாஸ்கிரிப்ட் சுமார்தான். சென்னைப் புத்தகக் காட்சிக்கு முன் முடிக்க வேண்டும். எதற்குப் போகலாம்?

ஹூக்ஸ்

நெக்ஸ்ட்தான். ஏற்கெனவே எழுதிய ரியாக்ட் காம்போனென்ட்டுகளில் (பக்கத்தின் துண்டுகள்) பெரும்பாலானவை அப்படியே உதவும். ஒவ்வொரு புத்தகப் பக்கத்தையும் பில்ட் நேரத்திலேயே (தளத்தை ஏற்றுவதற்கு முன் தொகுக்கும்போதே) ஹெச்டிஎம்எல்லாக உருவாக்கி வைத்துவிடலாம். தலைப்பு, அட்டைப்படம் போன்ற மெட்டா விவரங்களையும் பக்கத்துக்குப் பக்கம் தனியாகக் கொடுக்கலாம். நீங்கள் சொன்ன இரண்டு தொல்லையுமே தீரும்.

மொட்டைமாடி

உங்கள் ஹோஸ்டிங் என்ன? சிபேனல் வைத்த சாதாரணப் பகிர்வு ஹோஸ்டிங் என்றால் லாராவெலைப் பாருங்கள். பிஹெச்பி அங்கே சுலபமாக ஓடும். நோட் (ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டுவது) சர்வரை இரவும் பகலும் ஓட வைத்துக் கண்காணிப்பது தனி வேலை. அதோடு, 2025 டிசம்பரில் ரியாக்ட்டில் வந்த பாதுகாப்பு ஓட்டையை மறந்துவிடாதீர்கள். தீவிரம் பத்துக்குப் பத்து.

தாமிரபரணி

அந்த ஓட்டை, சர்வரில் ஓடும் ரியாக்ட் சர்வர் காம்போனென்ட்டுகளில் இருந்தது. பிரவுசரில் மட்டும் ஓடும் பழைய ரியாக்ட் தளத்தை அது தொடாது, இவர் அதற்காகப் பயப்பட வேண்டாம். அவற்றைப் பயன்படுத்தும் நெக்ஸ்ட்டின் ஆப் ரவுட்டருக்குப் போகிறவர்கள்தான் திருத்திய பதிப்பைப் போட வேண்டும்.

அட்டைப்படம், பிரேம்வொர்க் பேச்சுக்கு முன் சில விவரம் வேண்டும். புத்தக லிங்க்கில் # குறி இருக்கிறதா? பிரவுசரின் நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துப் பக்கத்தை ஏற்றுங்கள். எது பெரிதாக இருக்கிறது? பட்டியலுக்கான ஜேசன் என்ன அளவு?

அட்டைப்படம்

ஆமாம், # இருக்கிறது. முகவரிக்குப் பின் #, அப்புறம் புத்தக எண். மெயின் ஜாவாஸ்கிரிப்ட் ஒரு எம்பிக்கு மேல். தேதிகளுக்கான மொமென்ட் நூலகம் முழுதாக உள்ளே இருக்கிறது. தமிழ் எழுத்துரு டிடிஎஃப் கோப்பாக நான்கு தடிமனில் இறங்குகிறது. ஜேசனில் எல்லாப் புத்தகமும் பின்னட்டைக் குறிப்போடு ஒரே தடவையில் வருகின்றன. அது வரவே நேரமாகிறது.

தாமிரபரணி

சரி, இப்போது பிடிபட்டுவிட்டது.

முதலில் வாட்ஸ்அப். முகவரியில் # குறிக்குப் பின்னால் இருப்பதை எந்த பிரவுசரும் சர்வருக்கு அனுப்புவதில்லை. உங்கள் எல்லாப் புத்தகங்களும் சர்வருக்கு ஒரே முகப்புப் பக்கம்தான். முன்னோட்டம் எடுக்கும்போது வாட்ஸ்அப் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டாது. முதலில் வரும் ஹெச்டிஎம்எல்லில் ஓஜி டைட்டில், ஓஜி இமேஜ் (முன்னோட்டத்துக்கான தலைப்பு, பட விவரங்கள்) என்ன இருக்கிறதோ அதையே காட்டும். கூகுள் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டிப் பார்க்கும், ஆனால் அதுவும் # குறிக்குப் பின்னால் இருப்பதைத் தனிப் பக்கமாக எடுத்துக்கொள்ளாது. ஆகவே ஒவ்வொரு புத்தகத்துக்கும் சொந்த முகவரி வேண்டும், அந்த முகவரிக்கு சர்வரே முழு ஹெச்டிஎம்எல் தர வேண்டும். நெக்ஸ்ட், லாராவெல், ஜாங்கோ மூன்றுமே இதைச் செய்யும்.

வெள்ளைத் திரைக்குக் காரணம் வேறு. டிடிஎஃப்பை டபிள்யூஓஎஃப்எஃப்2 (வலைக்கான சுருக்கிய எழுத்துரு வடிவம்) ஆக மாற்றி இரண்டு தடிமன் மட்டும் வையுங்கள். ஃபான்ட் டிஸ்ப்ளேயை ஸ்வாப் என்று கொடுத்தால் எழுத்துரு வரும்வரை போனில் உள்ள எழுத்துருவே காட்டும். மொமென்ட் 2020 முதலே பராமரிப்பில் மட்டும் இருக்கிறது. தேதியை பிரவுசரே தமிழில் காட்டும், அதற்கு நூலகம் எதற்கு? பட்டியல் தாமதத்துக்கு ஜாங்கோவின் குவெரிகளை (டேட்டாபேஸிடம் கேட்பவை) பாருங்கள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஆசிரியர் பெயரைத் தேடி டேட்டாபேஸுக்குத் தனித்தனியாகப் போய்வந்துகொண்டிருக்கும் என்பது என் ஊகம். அவற்றை மொத்தமாக எடுக்க ஜாங்கோவில் வழி உண்டு: ஒரே ஆசிரியர் என்றால் செலக்ட் ரிலேட்டட், மொழிபெயர்ப்பாளர், தொகுப்பாளர் என்று பலர் என்றால் பிரீஃபெட்ச் ரிலேட்டட். பக்கத்துக்கு இருபத்துநான்கு புத்தகம் போதும். இவற்றை அப்படியே விட்டுவிட்டு எந்த பிரேம்வொர்க்குக்குப் போனாலும் இதே மெதுவும் கூடவே வரும்.

என்னைக் கேட்டால் ஜாங்கோ டெம்ப்ளேட்டுகளே (சர்வரிலேயே ஹெச்டிஎம்எல் உருவாக்கும் அச்சுகள்) போதும். டேட்டாபேஸ், அட்மின், படங்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன, உங்களுக்குத் தெரிந்ததும் அதுதான். இரவு பத்து மணிக்குத் தளம் விழுந்தால் பைதான் பிழைச் செய்தியைப் படித்துச் சரிசெய்வீர்கள். நெக்ஸ்ட்டில் கேஷ் (சேமித்து வைத்த பழைய பக்கம்) சிக்கல் வந்தால் அந்த இரவு தூக்கம் கிடையாது.

ஹூக்ஸ்

# விஷயம் சரிதான். ஆனால் ஆசிரியர், வகை, விலை என்று வடிகட்டும் வசதி? சொடுக்கும்போதெல்லாம் பக்கம் முழுதும் மறுபடி ஏறினால் வாசகருக்கு எரிச்சலாக இருக்கும். ரியாக்ட்டின் பலமே அங்கேதான்.

தாமிரபரணி

நியாயமான கேள்வி. நாள் முழுக்கத் திறந்து வைத்து வேலை பார்க்கும் செயலி, உதாரணமாக ஒரு கணக்கு மென்பொருள், என்றால் நானும் ரியாக்ட்தான் சொல்வேன். இங்கே வடிகட்டிக்கு ஹெச்டிஎம்எக்ஸ் என்ற சின்ன நூலகம் போதும். தேர்வுப் பெட்டி மாறியதும் சர்வரிடம் கேட்டு, புத்தகக் கட்டங்கள் உள்ள ஹெச்டிஎம்எல் துண்டை மட்டும் வாங்கி அதே இடத்தில் மாற்றிவிடும். ஆர்டர் படிவம் ரியாக்ட்டில் நன்றாக ஓடுகிறது என்றால் அந்த ஒரு பக்கத்தில் மட்டும் அது இருக்கட்டும், வீட் என்ற கருவியை வைத்து பில்ட் செய்துகொள்ளுங்கள்.

மொட்டைமாடி

ஏற்கெனவே ஜாங்கோ ஓடும் சர்வர் இருக்கிறது என்றால் என் லாராவெல் யோசனையை விட்டுவிடுங்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்குத்தான் அது பொருந்தும். முகவரியில் மட்டும் கவனம்: தமிழ்த் தலைப்பையே ஸ்லக் (முகவரியில் பக்கத்தைக் குறிக்கும் பகுதி) ஆக்கிவிடாதீர்கள்.

அட்டைப்படம்

அப்படித்தான் நினைத்திருந்தேன்! ஏன் கூடாது?

தாமிரபரணி

ஷெல்லில் போட்டுப் பாருங்கள். ஸ்லக் உருவாக்கும் ஜாங்கோவின் ஸ்லகிஃபையில் யூனிகோட் அனுமதியைக் கொடுத்து "புத்தகம்" என்று உள்ளிட்டால் "பததகம" என்று வரும். பைதானின் ரெகெக்ஸ் (எழுத்து வடிவங்களைத் தேடும் வசதி) புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் எழுத்தாகக் கணக்கெடுப்பதில்லை, அதனால் அவை வெட்டப்படுகின்றன. மெய்யும் உயிர்மெய்யும் கலந்துபோய் இரு வேறு தலைப்புகள் ஒன்றாகவும் ஆகிவிடலாம். தமிழுக்கு இது நியாயமே இல்லை, ஆனாலும் இன்றைய நிலை இதுதான். புத்தக எண்ணையும் ரோமன் எழுத்தில் தலைப்பையும் சேர்த்து வையுங்கள். தேடுவது எண்ணை வைத்து மட்டும் நடக்கட்டும்.

அட்டைப்படம்

ஒரு புத்தகப் பக்கத்தை டெம்ப்ளேட்டில் எழுதி ஏற்றினேன். வாட்ஸ்அப்பில் அட்டைப்படமும் ஆசிரியர் பெயரும் வருகின்றன! ஓஜி இமேஜில் முழு முகவரி கொடுத்த பிறகுதான் படம் வந்தது. எல்லோருக்கும் நன்றி.

இன்னொரு சந்தேகம். அச்சான புத்தகங்களின் பின்னட்டையில் க்யூஆர் இருக்கிறது, எல்லாம் # வைத்த பழைய லிங்க். சர்வரில் ரீடைரெக்ட் (புது முகவரிக்குத் திருப்புவது) போட்டால் சரியாகிவிடுமா?

தாமிரபரணி

ஆகாது. # பகுதி சர்வருக்கு வராது என்பதால் எந்தப் புத்தகம் என்று அதற்குத் தெரியாது. முகப்புப் பக்கத்தில் சின்ன ஸ்கிரிப்ட் வையுங்கள்: லொகேஷன் ஹேஷை, அதாவது # பகுதியை, படித்து, எண் இருந்தால் லொகேஷன் ரீப்ளேஸ் வழியாகப் புது முகவரிக்கு அனுப்பட்டும். ரீப்ளேஸ் என்றால் வாசகர் பின்னால் போகும்போது மாட்டிக்கொள்ள மாட்டார். அதைப் பக்கத்தின் தலைப்பகுதியிலேயே, எல்லாவற்றுக்கும் முன்னால் போடுங்கள். அந்தப் பிரதிகள் கடைகளில் இருக்கும்வரை எடுத்துவிட வேண்டாம் என்று ஒரு கமென்ட்டும் எழுதி வையுங்கள். பிறகு வருபவர் தேவையில்லாத நிரல் என்று நினைத்து அழித்துவிடக்கூடும்.