8ஆம் நாள் எலிக்குட்டியின் புறணியில் பர்வால்புமின் தெரியவே இல்லை: ஆன்டிபாடி கெட்டுவிட்டதா?

செல்வி_டர்பன்:

வணக்கம். கருவில் இருக்கும்போது மூளைக்குப் போகும் மது, அங்குள்ள தடுப்பு நரம்பணுக்களை (மற்ற நரம்பணுக்களின் துடிப்பை அடக்குபவை) என்ன செய்கிறது என்று பார்க்கிறேன். தென்னாப்பிரிக்காவின் கேப் பக்கம் இந்தப் பாதிப்போடு பிறக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. எலிக்குட்டிக்கு (ரேட், சுண்டெலி இல்லை) பிறந்த 7ஆம் நாள் எத்தனால் ஊசி, 8ஆம் நாள் மூளை எடுப்பு. அதன் இந்த வயது மனிதக் கருவின் கடைசி மூன்று மாதத்துக்கு ஏறக்குறைய ஒப்பு. 4% பாராஃபார்மால்டிஹைட் செலுத்தி, ஓர் இரவு அதிலேயே ஊறவிட்டு, 30% சுக்ரோஸில் மூழ்கியதும் 40 மைக்ரான் சீவல். தடுப்புச் செல்களில் ஒரு பங்கை அடையாளம் காட்டும் புரதமான பர்வால்புமினைப் பிடிக்க, சுண்டெலியில் (மவுஸ்) தயாரித்த மோனோகுளோனல் ஆன்டிபாடி, 1:2000.

புறணியில் (மூளையின் மேலடுக்கு) ஒரு செல்கூட ஒளிரவில்லை. ரத்தக் குழாய்கள் மட்டும் கோடு கோடாக மின்னுகின்றன. மது கொடுத்தது, உப்புநீர் கொடுத்தது இரண்டிலும் இதே கதை. லோட் ஷெடிங் மின்வெட்டில் ஃப்ரீசர் உருகி ஆன்டிபாடி போய்விட்டதோ? ரேண்டில் கணக்குப் போட்டால் புதுக் குப்பி சின்னச் செலவு இல்லை.

புறணிவாசி (கேப்டவுன்):

வாங்காதீங்க. நீங்கள் தேடும் புரதம் அந்த வயதில் அங்கே இல்லை, அவ்வளவுதான். எலியின் புறணியில் பர்வால்புமின் இரண்டாம் வாரத்தில்தான் தலைகாட்டும், அதுவும் முதலில் 5ஆம் அடுக்கில். 8ஆம் நாளில் ஒன்றிரண்டு மங்கலாகத் தெரிந்தாலே அதிகம். முழுக் கூட்டமும் தெரிய மூன்று நான்கு வாரம் ஆகும்.

ஆனால் செல்கள் இருக்கின்றன. இதைத்தான் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். புறணியின் தடுப்புச் செல்கள் புறணியில் பிறப்பதே இல்லை. முன்மூளையின் அடிப்பக்கம் கருக்காலத்தில் மட்டும் எழும்பி நிற்கும் நடு, வால், பக்கம் என்ற மூன்று கேங்லியானிக் மேடுகளில் பிறந்து, பக்கவாட்டில் நெடுந்தூரம் ஊர்ந்து மேலே வருகின்றன. டிஎல்எக்ஸ்-1, டிஎல்எக்ஸ்-2 என்ற மரபணுக்கள் இரண்டும் இல்லாத சுண்டெலியில் இந்த ஊர்வலம் நின்று, புறணியில் காபா செல்கள் (காபா என்ற வேதிப்பொருளால் தடுப்பவை, அதாவது இதே தடுப்புச் செல்கள்) வெகுவாகக் குறைந்துபோவதை 1997இல் காட்டினார்கள். தடுப்புச் செல்களை அவை தாங்கும் புரதத்தின் பெயரால் அழைப்போம்: நடு மேட்டில் பிறப்பவை பின்னாளில் பர்வால்புமின் செல்லாகவோ சொமாட்டோஸ்டாட்டின் செல்லாகவோ ஆகும். வால் மேட்டில், சற்றுப் பிந்திப் பிறப்பவற்றில் விஐபி செல்களும் ரீலின் செல்கள் பலவும் அடக்கம். (ரீலினை மட்டும் வைத்து வால் மேடு என்று முடிவுகட்ட முடியாது, சொமாட்டோஸ்டாட்டின் செல்கள் சிலவற்றிலும் அது உண்டு.) பக்க மேடு பெரும்பாலும் ஸ்ட்ரையேட்டத்துக்கும் (புறணிக்கு அடியில் உள்ள பகுதி) மோப்பக் குமிழுக்கும் ஆள் அனுப்புகிறது.

ஆக, ஒரு செல் யார் என்பது கருவிலேயே பெருமளவு முடிவாகிவிடுகிறது. அதன் பெயர்ப்பலகையை மாட்டத்தான் இரண்டு வாரம் பிடிக்கிறது. 8ஆம் நாளில் பலகையைத் தேடாமல் பிறப்பிடத்தைத் தேடுங்கள். நடு மேட்டுச் செல்களின் அடையாளமான எல்எச்எக்ஸ்6 மரபணுவின் ஆர்என்ஏவை இன்-சிட்டுவில் (சீவலிலேயே ஆர்என்ஏவைக் காட்டும் முறை) பார்க்கலாம். அதற்கு வசதி இல்லையென்றால் அதே செல்களில் இருக்கும் சாக்ஸ்6 புரதத்துக்கான ஆன்டிபாடி. உட்கருவில் ஒளிரும், எண்ணச் சுலபம். ஆனால் ஆலிகோடென்ட்ரோசைட் (நரம்பிழைக்கு உறை போடும் செல்) முன்னோடிகளிலும் சாக்ஸ்6 உண்டு, அதனால் அவற்றின் அடையாளமான ஆலிக்2 சேர்த்து அவற்றைக் கழித்துவிட வேண்டும். சொமாட்டோஸ்டாட்டின் இந்த வயதிலேயே தெரியும். சாக்ஸ்6 உண்டு, ஆலிக்2 இல்லை, சொமாட்டோஸ்டாட்டின் இல்லை என்றால் வருங்காலப் பர்வால்புமின் செல் என்று பெரும்பாலும் சொல்லலாம். "பெரும்பாலும்" என்ற சொல்லைக் கட்டுரையிலும் விட்டுவிடாதீர்கள்.

நடு மேட்டின் இன்னொரு அடையாளமான என்கேஎக்ஸ்2-1ஐ மட்டும் நம்பி இறங்க வேண்டாம். புறணிக்குப் போகிற செல்கள் மேட்டை விட்டுக் கிளம்பும்போதே அதை அணைத்துவிடும்.

தங்கம்_மாரிட்ஸ்பர்க்:

குழாய்கள் ஒளிர்வதற்குத் தனிக் காரணம். சுண்டெலி ஆன்டிபாடியைப் பிடிக்க நீங்கள் போடும், ஒளிரும் சாயம் ஏந்திய இரண்டாம் ஆன்டிபாடி, எலியின் ரத்தத்தில் உள்ள சொந்த ஆன்டிபாடியான இம்யூனோகுளோபுலினையும் பிடித்துக்கொள்கிறது. ரத்தம் சரியாகக் கழுவப்படாத மூளையில் அது குழாய்க்குள்ளேயே நிற்கும். எலிப் புரதத்தோடு ஒட்டாதபடி முன்பே வடிகட்டிய இரண்டாம் ஆன்டிபாடி என்று கேட்டு வாங்குங்கள், அல்லது முயலில் தயாரித்த பர்வால்புமினுக்கு மாறுங்கள். முதல் ஆன்டிபாடி இல்லாமல் ஒரு சீவலை ஓட்டினால் ஒரே நாளில் தெரிந்துவிடும். குட்டிக்குப் பெர்ஃப்யூஷனை (ரத்தக் குழாய் வழியே திரவம் செலுத்துவதை) மெல்ல, நிமிடத்துக்கு 2–3 மில்லி வேகத்தில் விடுங்கள். கல்லீரல் வெளுக்காமல் ஃபார்மால்டிஹைடுக்கு மாறவே கூடாது.

இதே பொறி சொமாட்டோஸ்டாட்டினிலும் காத்திருக்கிறது. எல்லோரும் புழங்கும் ஒரு மோனோகுளோனல் எலியில் தயாரித்தது. சுண்டெலி மூளையில் பிரமாதம், எலி மூளையில் தலைவலி. முயலோ ஆடோ தேடுங்கள்.

ஆன்டிபாடி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க இரண்டு கட்டுப்பாடு போதும். ஒன்று, வளர்ந்த எலியின் புறணி. இன்னொன்று, அதே 8ஆம் நாள் குட்டியின் முதுகெலும்பை ஒட்டிய உணர்வு நரம்பு முடிச்சு. தசையின் நிலையை உணரும் பெரிய செல்களில் பர்வால்புமின் கருவிலேயே வந்துவிடும். அங்கே ஒளிர்ந்தால் குப்பி மேல் பழி போடாதீர்கள். இனிமேல் 5 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து வையுங்கள். பழுதாக்குவது திரும்பத் திரும்ப உறைந்து உருகுவதுதான். ஒரு முறை இரண்டு மணி நேரம் கரண்ட் போனதில் மூடியே இருந்த ஃப்ரீசருக்கு ஒன்றும் ஆகாது.

செல்வி_டர்பன்:

நன்றி அண்ணா, நன்றி தங்கம் அக்கா. அப்படியானால் 28ஆம் நாள் எடுத்துப் பர்வால்புமின் செல்களை எண்ணி, மது கொடுத்ததில் குறைந்திருந்தால் செத்துவிட்டன என்று சொல்லலாமா?

புறணிவாசி (கேப்டவுன்):

சொல்லக்கூடாது. பர்வால்புமின் அளவு செல்லின் வேலைப்பளுவோடு ஏறி இறங்கும். செல் உயிரோடு இருந்தும் புரதம் குறைந்து, உங்கள் எண்ணிக்கையில் விழாமல் போகலாம். கெட்டமின் கொடுத்த எலிகளில் இதுவே நடக்கிறது. இறப்பைச் சொல்ல இறப்பையே பார்க்க வேண்டும்: சாகும் செல்லில் தோன்றும் வெட்டுண்ட காஸ்பேஸ்-3 நொதி, முதல் ஊசியிலிருந்து சுமார் 8 மணி நேரத்தில். நீங்கள் மறுநாள் பார்க்கிறீர்கள். அதற்குள் பல செல்கள் சிதைந்து, மூளையின் துப்புரவுச் செல்களான மைக்ரோக்லியா பெருக்கித் தள்ளியிருக்கும். பழைய முறை கிலோவுக்கு 2.5 கிராம் எத்தனால், உப்புநீரில் 20%, தோலுக்கடியில், இரண்டு மணி இடைவெளியில் இரு முறை. குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்த நேரமெல்லாம் கூட்டின் சூட்டில் வையுங்கள். எத்தனால் உடல் வெப்பத்தை இறக்கும், அந்தக் குளிரே முடிவைக் கலைத்துவிடும்.

நீங்கள் தேர்ந்த நாள் தற்செயலோ என்னவோ, நல்ல நாள். சுண்டெலிப் புறணியில் தடுப்புச் செல்களில் சுமார் 40% பிறந்து 5 முதல் 10 நாளுக்குள் தாமாகவே இறக்கின்றன. பக்கத்துப் பிரமிடு செல்களின் (கிளர்ச்சியூட்டும் நரம்பணுக்கள்) துடிப்பு எட்டுகிற செல் பிழைக்கும், எட்டாதது போகும். எத்தனால் கிளர்ச்சிக்கான என்எம்டிஏ ஏற்பியை அடைத்து, காபாவுக்கான காபா-ஏ ஏற்பியை ஊக்கித் துடிப்பையே தணிக்கிறது. அந்தச் சல்லடை நடக்கும் வாரத்திலேயே.

"அந்த வயதில் காபா கிளர்ச்சியூட்டும் அல்லவா" என்று உங்கள் தேர்வாளர் கட்டாயம் கேட்பார். குளோரைடைச் செல்லிலிருந்து வெளியேற்றும் கேசிசி2 புரதம் போதாமல், என்கேசிசி1 புரதம் உள்ளே ஏற்றும் குளோரைடு மிகுந்திருப்பதால் காபா அப்போது சவ்வின் மின்னழுத்தத்தை மேலே தூக்குகிறது என்பது சரி. தூக்கினாலும் சவ்வில் ஓட்டை போட்டுக் கிளர்ச்சியைக் கசியவிடுவதால், முழு வலையில் அது தடுப்பாகவே முடியலாம். மின்னழுத்தத்தைத் தூக்குவதையும் கிளர்ச்சியூட்டுவதையும் ஒன்றென எழுதிவிடாதீர்கள்.

நெடுஞ்செழியன்_ஜோபர்க்:

ஒரு திருத்தம், கொஞ்சம் நச்சரிப்பாகவே இருக்கும். "பர்வால்புமின் செல்" என்று ஒரே வகை கிடையாது. கூடைச் செல் அடுத்த செல்லின் உடலைச் சுற்றிப் பிடிக்கும். சரவிளக்குச் செல் அதன் ஆக்சான் (செய்தி அனுப்பும் நீண்ட இழை) புறப்படும் இடத்தை மட்டும். 2018இல் சுண்டெலிப் புறணியின் இரண்டு பகுதிகளில் ஒற்றைச் செல் ஆர்என்ஏவைப் படித்துப் பிரித்த 133 வகைகளில் 61 காபா வகைகள். அந்த 61ஐ அப்படியே எலிக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். சுண்டெலியில் சொமாட்டோஸ்டாட்டின் செல்களில் ஒரு பங்கில் கால்ரெட்டினின் என்ற இன்னொரு புரதமும் இருக்கும். எலியில் அது இல்லையென்றே சொல்லலாம்.

எண்ணும்போது அடர்த்தியை மட்டும் எழுதாதீர்கள். 8ஆம் நாளுக்கும் 28ஆம் நாளுக்கும் நடுவே புறணி பருத்துவிடுகிறது. ஒரு செல் சாகாவிட்டாலும் கன மில்லிமீட்டருக்கு எண்ணிக்கை சரியும். மொத்தப் பரப்பளவையும் தடிமனையும் அளந்து மொத்த எண்ணிக்கைக்கு வாருங்கள். பிறகு, ஒரே தாயின் குட்டிகளைப் பாதி மதுவுக்கும் பாதி உப்புநீருக்கும் பிரியுங்கள். புள்ளியியலில் ஓர் ஈற்றுக்கு ஓர் எண். மூன்று ஈற்றிலிருந்து 24 குட்டி என்றால் உங்கள் மாதிரி 3தான், 24 இல்லை.

தங்கம்_மாரிட்ஸ்பர்க்:

டர்பன் ஈரப்பதத்துக்கு ஒன்று: மைனஸ் 20இலிருந்து எடுத்த ஸ்லைடு பெட்டியை உடனே திறக்காதீங்க செல்வி. அறைச் சூட்டுக்கு வரும்வரை அரை மணி மூடியே இருக்கட்டும். திறந்தால் கண்ணாடி வியர்த்து, குட்டி மூளையின் சீவல் சுருண்டு கழன்றுவிடும்.