எடிஷன் விற்று முடிந்த பிறகு வரும் கேள்விகள்

என் புகைப்படம் ஒன்றின் எடிஷன், அதாவது இத்தனை பிரதிதான் என்று அறிவித்து எண் போட்டு விற்கும் பிரின்ட்டுகள், முழுக்க விற்ற பிறகு ஒருவர் எழுதிக் கேட்டார்: "அதே படம் இன்னும் பெரிய சைஸில் வேணும். நம்பர் போடாமலே கொடுங்க, யாருக்குத் தெரியப் போகுது?" தொகையும் நல்ல தொகைதான். முடியாது என்று சொல்லிவிட்டேன். செதுக்கிய தகட்டில் அச்சிடும் காலத்தில் தகடே தேய்ந்து எண்ணிக்கைக்கு ஓர் எல்லை வைத்தது, முடிந்ததும் குறுக்கே கீறி அதைச் செல்லாததாக்கவும் செய்தார்கள். இங்க்ஜெட்டில் அப்படி எதுவும் கிடையாது, ஃபைல் அப்படியே இருக்கிறது, ஆயிரமாவது பிரின்ட்டும் முதல் பிரின்ட் மாதிரியேதான் வரும். எல்லை என்று இருப்பது நாம் கொடுத்த வாக்கு மட்டும்தான்.

புகைப்படக் கலைஞர் வில்லியம் எகிள்ஸ்டன் 2012இல் தன் பழைய படங்களைப் பெரிய அளவில் டிஜிட்டல் பிரின்ட்டாகப் போட்டு கிறிஸ்டீஸ் ஏலத்தில் விற்றார். அதே படங்களின் பழைய டை டிரான்ஸ்ஃபர் (சாயங்களை ஒவ்வொன்றாகத் தாளுக்கு மாற்றி அச்சிடும் பழைய முறை) பிரின்ட்டுகளை லிமிடெட் எடிஷன் என்று வாங்கி வைத்திருந்த சேகரிப்பாளர் வழக்குப் போட்டார். புதியவை வேறு எடிஷன் என்று கருதிய நியூயார்க் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. சட்டப்படி சரி, ஆனால் வாங்கியவரின் மனக்கசப்பு எனக்குப் புரிகிறது. அதனால் அறிவிக்கும்போதே எல்லா சைஸையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்: சின்னது 20, பெரியது 10, ஆர்ட்டிஸ்ட் புரூஃப் 3, இதற்குமேல் எந்த அளவிலும் எந்தத் தாளிலும் வராது. ஆர்ட்டிஸ்ட் புரூஃப் என்பது எடிஷன் எண்ணிக்கைக்கு வெளியே கலைஞர் தனக்கென வைத்துக்கொள்ளும் பிரதி, பத்துக்கு ஒன்று என்பது பொதுவான வழக்கம். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டுப் பிறகு விற்பவர்களைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே எரிச்சல் வரும்.

"ஒண்ணாம் நம்பர்தான் வேணும்" என்று பிடிவாதமாகக் கேட்பவர்களும் உண்டு. டிரைபாயின்ட் தகட்டில், அதாவது ஊசியால் நேரடியாகக் கீறிய தகட்டில், முதல் சில பிரதிகளிலேயே கோடுகளின் அந்த மெத்தென்ற கருமை தேய்ந்துவிடும், அதனால் ஆரம்பப் பிரதிகளுக்கு மதிப்பு இருந்தது. பிக்மென்ட் மையில் போடும் இங்க்ஜெட் பிரின்ட்டில் 1/20க்கும் (இருபதில் ஒன்றாவது) 17/20க்கும் தரத்தில் வித்தியாசமே இல்லை. இதைச் சொன்ன பிறகும் ஒன்றாம் எண்தான் வேண்டும் என்றால், சரி, இருந்தால் கொடுத்துவிடுவேன், கூடுதல் விலை கேட்க மாட்டேன்.

தாள் விஷயத்தில் ஒரு வாடிக்கையாளரோடு நடந்த பேச்சு நினைவிருக்கிறது. பளிச்சென்ற வெள்ளைத் தாளையே கேட்டார். அந்த வெள்ளை பெரும்பாலும் ஆப்டிகல் பிரைட்னர் தருவது, அது புற ஊதா ஒளியை வாங்கி நீலமாகத் திருப்பிக் கொடுக்கிறது. வருடங்கள் போகப் போக அந்த வேலை குறைந்து தாள் மஞ்சளாகத் தெரிய ஆரம்பிக்கும். பிரைட்னர் இல்லாத, அமிலமில்லாத நூறு சதவீதப் பருத்தித் தாளையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்திலும் மஞ்சள் பல்பிலும் மாற்றி மாற்றிக் காட்டினேன். பருத்தித் தாளில் தோலின் நிறமும் சாம்பல் நிறங்களும் அமைதியாக நின்றன, அவரே அதை எடுத்துக்கொண்டார். அச்சில் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் சாஃப்ட் புரூஃபை எவ்வளவு பார்த்தாலும், நிஜத் தாளில் ஒரு சின்னத் துண்டாவது அச்சிட்டுப் பார்க்காமல் முழு ஷீட்டைப் போடாதீர்கள். மானிட்டர் வெளிச்சம் அதிகமாக இருந்தால் பிரின்ட் எப்போதும் இருட்டாகத்தான் தெரியும்.

அச்சான உடனே கண்ணாடிச் சட்டம் போடக் கூடாது. மையில் மிச்சமிருக்கும் கிளைக்கால் (மெதுவாக உலரும் ஒரு திரவம்) மெல்ல வெளியேறி கண்ணாடியின் உள்பக்கம் பனிபடிந்த மாதிரி மங்கலாக்கிவிடும். ஒரு நாளாவது ஆறவிடுங்கள், பளபளப்பான தாளுக்கு இன்னும் அதிகம்.

கடைசியாக, வழியில் நசுங்கிப் போகும் பிரின்ட். அப்படி ஒன்று நடந்தபோது வாங்கியவர் உடனே புதுப் பிரதி கேட்டார். சேதமானதைத் திருப்பி அனுப்பச் சொல்லி, வந்ததும் கிழித்துப் படம் எடுத்து, அதே எண்ணில் புதியதை அச்சிட்டுப் பென்சிலில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே தேதியோடு காரணத்தை எழுதி, அந்தப் பக்கத்தின் நகலையும் அவருக்கு அனுப்பிவைத்தேன்.