பிரியாணி சாப்ட்டு படுத்திருந்தா ஸ்ட்ரெஸ் 84ன்னு காட்டுது வாட்ச்சு, நம்பலாமா?

தூங்குமூஞ்சி_மதுரை:
மக்களே, ரெண்டு மாசமா ஸ்மார்ட்வாட்ச் கட்டுறேன், ஸ்ட்ரெஸ் 0லேர்ந்து 100 வரைக்கும் நம்பர் காட்டும். ஞாயித்துக்கெழம மட்டன் பிரியாணிய ஒரு கட்டு கட்டிட்டு ஃபேனுக்கு கீழ கால நீட்டி படுத்திருக்கேன், 84. புதன்கிழம மீட்டிங்ல மேனேஜர் எல்லார் முன்னாடியும் வாங்கு வாங்குன்னு வாங்குறாரு, எனக்கு கை நடுங்குது, அப்ப பாத்தா 31. இது எதத்தான் அளக்குது? சென்சார் அவுட்டா?

பச்சலைட்டு:
சென்சார் நல்லாத்தான் இருக்கும் ப்ரோ. பின்னாடி பச்ச லைட் மின்னுதுல்ல, அது தோலுக்கடியில ரத்தம் ஓடுறத பாத்து ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் எவ்ளோ கேப்புன்னு எடுக்குது. நாடி 60ன்னா செகண்டுக்கு ஒண்ணுன்னு கடிகாரம் மாதிரி அடிக்காது, ஒரு கேப் 950 மில்லிசெகண்ட் இருக்கும் அடுத்தது 1040 இருக்கும், மூச்ச இழுக்குறப்ப வேகம் விடுறப்ப மெதுவு, இந்த ஏத்த எறக்கம்தான் எச்ஆர்வி. உடம்பு ரிலாக்ஸா இருந்தா நல்லா மாறும், டென்ஷன்னா கிட்டத்தட்ட ஒரே சீரா ஆயிரும், அத பாத்துத்தான் வாட்ச் ஸ்ட்ரெஸ் நம்பர ஏத்துது. ஆனா வயிறு முட்ட தின்னாலும் செரிக்கிறதுக்கு ஹார்ட் அதிகமா வேல பாக்குது, காய்ச்சல், காபி, சரக்கு எல்லாத்துக்கும் இதே கததான். மேனேஜரா மட்டனான்னு மணிக்கட்டுக்கு எப்டி தெரியும்?

கவிதா_திருச்சி:
வேர்வைய வச்சு பாக்குறதும் இருக்கு. 2020ல வந்த ஃபிட்பிட் சென்ஸ்ல உள்ளங்கைய வாட்ச் மேல வச்சு அசையாம உக்காரணும், லேசா கரண்ட் விட்டு தோல் எவ்ளோ கடத்துதுன்னு பாக்கும். பொய் கண்டுபிடிக்கிற மெஷின்லயும் இதுதான் ஒரு பாகம். நம்மூர் மே மாச வெயில்ல அத வச்சு பாத்தா என்னத்த சொல்ல 😂

தூங்குமூஞ்சி_மதுரை:
சரி, 84 புரியுது. 31 எப்டி?

பச்சலைட்டு:
கை நடுங்குச்சுன்னு நீங்கதான சொன்னீங்க. கை ஆடுனா சிக்னல் கெட்டுரும், நெறைய வாட்ச் அந்த நேரத்த கணக்குலயே சேக்காது, அந்த 31 அதுக்கு முன்னாடி எடுத்ததா இருக்கலாம். ஸ்ட்ராப் லூசா இருந்தாலும் சிக்னல் கெடும், உள்ள வெரல் போகுதா?

தூங்குமூஞ்சி_மதுரை:
ரெண்டு வெரல் போகுது 🙈

ராத்திரிஷிஃப்ட்:
நான் பகல் நம்பர பாக்குறதயே விட்டுட்டேன், அத பாத்து பாத்தே டென்ஷன் ஏறுச்சு. தூங்குறப்ப வர்ற எச்ஆர்வி மட்டும், அதுவும் ரெண்டு மூணு வாரத்துக்கு சேத்து, நம்ம நம்பர நம்ம பழைய நம்பரோட மட்டும். பக்கத்து சீட்காரனுக்கு 70 நமக்கு 35ன்னு ஒப்பிட்டா ஒண்ணும் வெளங்காது, வயசுக்கு வயசு மாறும்.

தூங்குமூஞ்சி_மதுரை:
ஸ்ட்ராப்ப ஒரு ஓட்ட உள்ள தள்ளி மாட்டிட்டேன். வெள்ளிக்கெழம திரும்ப அதே மேனேஜர் மீட்டிங்தான், பாத்துட்டு வந்து சொல்றேன்.