30 மில்லிமீற்றர் வெள்ளித்தாள் 200 மில்லிமீற்றர் பஞ்சுக்குச் சமமா?

கோண்டாவில் மேசன்
நேற்று இங்கே ஒருவர் எழுதிவிட்டுப் போனதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. பல அடுக்கு வெள்ளித்தாள் என்று ஒன்று வருகிறதாம், பளபளக்கும் தாள்களை நடுவில் பஞ்சு வைத்து ஒட்டியது. 30 மில்லிமீற்றர் தடிப்புத்தானாம். கூரைக்குக் கீழே அதை அடித்துவிட்டால் சூட்டைத் தடுப்பதில் 200 மில்லிமீற்றர் கண்ணாடிப் பஞ்சுக்குச் சமமாம். சித்திரை வெயிலுக்கும் மின்விசிறி வேண்டாமாம். முப்பது வருடம் கூரையில் ஏறி இறங்கியவன் நான். கணக்கைப் பாருங்கள். ஒரு பொருள் சூட்டை எவ்வளவு கடத்தும் என்பதுதான் வெப்பக் கடத்துதிறன், குறையக் குறைய நல்லது. கண்ணாடிப் பஞ்சுக்கு அது ஏறத்தாழ 0.04. அசையாத காற்றுக்கு 0.025. 30 மில்லிமீற்றரில் 200 மில்லிமீற்றர் பஞ்சின் வேலையைச் செய்ய வேண்டுமென்றால் அந்தத் தாளுக்கு 0.006 இருக்க வேண்டும். காற்றையே நான்கு மடங்கு வெல்லுகிற தாளை எந்தக் கடையில் விற்கிறார்கள்?

மானிப்பாய் வாசி
எழுதியவன் நான்தான் அண்ணா. என்னிடமே கேட்டிருக்கலாம். தாள் கதிர்வீச்சைத் தடுக்கிறது, நீங்களோ கடத்துதிறனை வைத்து அளக்கிறீர்கள். முழுதாக வீசுவதை 1 என்று வைத்தால், ஓடு, கூரைக்குப் போடும் அஸ்பெஸ்ரஸ் சீற், சீமெந்து எல்லாம் தம் சூட்டை 0.9 என்ற அளவில் கதிராக வீசுகின்றன. பளபளப்பான அலுமினியத்துக்கு அது 0.05 மட்டுமே. மத்தியானம் இரண்டு மணிக்குத் தகரக் கூரைக்குக் கீழே நின்று பாருங்கள். உச்சந்தலையில் விழுகிற சூடு காற்றால் வருவதல்ல, தகரத்திலிருந்து நேரே பாய்வது. எங்கள் விறாந்தையில் தாள் அடித்த பாதியில் பிள்ளைகள் பாய் விரித்துப் படிக்கிறார்கள். அடிக்காத பாதியில் பூனைகூடப் படுப்பதில்லை.

கோண்டாவில் மேசன்
பூனையை விடும். 200 எங்கே?

ஈஸ்ற்ஹாம் தம்பி
இலண்டனிலிருந்து எழுதுகிறேன். இந்தச் சண்டை இங்கே எப்போதோ நடந்து முடிந்தது. விற்பனையாளர்கள் இரண்டு கூரைகளை அருகருகே கட்டி, ஒன்றில் தாள், மற்றதில் பஞ்சு வைத்து, உள்ளே சூடேற்ற எவ்வளவு மின்சாரம் போனது என்று ஒப்பிட்டார்கள். அப்படி வந்ததுதான் 200. ஆய்வுகூடத்தில் சூட்டுப் பெட்டிக்குள் வைத்து அளந்தபோது அதைவிட மிகக் குறைவாகவே வந்தது. எப்படி அளப்பது என்பதற்கு 2012இல் இஎன் 16012 என்ற ஐரோப்பிய நியமமே வந்துவிட்டது.

கோண்டாவில் மேசன்
இலண்டனே சொல்லிவிட்டது. இனி என்ன வேண்டும்?

மானிப்பாய் வாசி
இலண்டன் குளிர் நாடு அண்ணா. அங்கே வீட்டுச் சூடு மேலே ஏறிப் போவதைத் தடுக்க வேண்டும். சூடான காற்று தானே மேலே கிளம்பும், அது கொண்டுபோகிற சூட்டைத் தாளின் பளபளப்பு நிறுத்தாது. இங்கே சூடு மேலிருந்து கீழே வருகிறது. சூடான காற்று மேலேயே தங்கிவிடும், கீழே வருவதில் பெரும்பங்கு கதிர்வீச்சுத்தான். அதனால் தாளுக்கும் கூரைக்கும் நடுவில் ஓர் அங்குல இடைவெளி இருந்தாலே யாழ்ப்பாணத்தில் அது இலண்டனைவிட நன்றாக வேலை செய்யும். அந்த இடைவெளியை உங்கள் 0.006 கணக்கில் சேர்த்தீர்களா?

கோண்டாவில் மேசன்
ஓ, இப்போது இடைவெளியும் வந்துவிட்டது! நேற்று 30 மில்லிமீற்றர் என்றுதான் எழுதினீர். மேலே ஓர் அங்குலம், கீழே ஓர் அங்குலம் சேர்த்தால் அது 80. 80ஐ 30 என்று சொல்லி விற்பவன் நாளைக்கு ஒன்பது அடிச் சிலாகையைப் பன்னிரண்டு அடி என்றும் விற்பான். நீர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

சாவகச்சேரி மலர்
அண்ணாமார் இருவரும் கொஞ்சம் கேளுங்கள். எங்கள் வீட்டில் வேலைக்கு வந்தவர் தாளைச் சீற்றோடு ஒட்டினாற்போல் இழுத்து அடித்துவிட்டுப் போய்விட்டார். இடைவெளியே இல்லை. ஒரு மாற்றமும் தெரியவில்லை. கழற்றி, குறுக்குச் சட்டம் வைத்து இறக்கி அடித்த பிறகுதான் குறைந்தது. இரண்டு வருடத்தில் மேல்பக்கத்தில் விரலால் கோடு கிழிக்கலாம், அவ்வளவு தூசி. சோளகம் வீசினால் புழுதி சீற் இடுக்கால் இறங்குகிறது. கீழ்ப்பக்கம் மட்டும் இன்னும் கண்ணாடிபோல் இருக்கிறது. ஓரத்தை அணில் கடித்து, நடுவில் இருந்த பஞ்சைக் கூட்டுக்குக் கொண்டுபோய்விட்டது.

பருத்தித்துறை வாத்தியார்
முதலில் அதை வெள்ளித்தாள் என்பதை நிறுத்துங்கள். அதில் வெள்ளி இல்லை, அலுமினியம். அடுத்தது, ஓட்டை இறக்கிச் சீற் போட்ட நாளிலேயே நாம் சூட்டை விலைக்கு வாங்கிவிட்டோம். என் தகப்பனார் வீடு நாற்சார் வீடு. பனஞ்சிலாகை, ஓடு, நடுவில் முற்றம். சித்திரையில் சூரியன் தலைக்கு நேரே நிற்கும்போதும் திண்ணையில் நித்திரை வரும். ஓட்டைக் கழற்று, சீற் போடு, செலவு குறைவு என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தவர்கள் யார்? மேசன்மார்தான்.

கோண்டாவில் மேசன்
வாத்தியார், மழைநீர்த் தொட்டி விவாதத்தில் நான் உங்களைத் திருத்தியதை நீங்கள் இன்னும் மறக்கவில்லை என்று தெரிகிறது. ஓட்டுக்கு ஆள் இல்லை, சிலாகைக்கு முற்றிய பனை இல்லை. வீடு கட்டுகிறவன் கையில் இருக்கிற காசுக்குத்தான் நான் கூரை போட முடியும். குசினி ஒழுகுகிறது என்று ஓட்டை மாற்ற என்னைக் கூப்பிட்டவர்கள் எல்லாரும் படித்தவர்கள்தான்.

பருத்தித்துறை வாத்தியார்
தொட்டி விடயத்தில் நீர் என்னைத் திருத்தவில்லை. சத்தம் போட்டீர். இரண்டும் ஒன்றல்ல.

ஈஸ்ற்ஹாம் தம்பி
மலர் அக்கா சொன்னதுதான் முக்கியம். தூசி படிந்தால் அந்த 0.05 ஏறிவிடும். பளபளப்பு கீழே பார்த்தபடி இருக்க வேண்டும்.

கோண்டாவில் மேசன்
தம்பி, நீர் குளிருக்குள் இருந்துகொண்டு எங்கள் தூசியைப் பற்றிச் சொல்ல வேண்டாம். இத்தனை பேர் எழுதினீர்கள், 200க்கு ஒருவராவது கணக்குக் காட்டினீர்களா? தாள் பிரயோசனம் இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? சாதாரண ஒற்றைத் தாளை நானே பத்து வீட்டுக்கு அடித்திருக்கிறேன், நல்ல இடைவெளி விட்டு. நடுவில் பஞ்சை வைத்து அடுக்கடுக்காக ஒட்டி, பல மடங்கு காசு வாங்கி, 200 என்று அச்சடித்துத் தருகிறார்களே, அந்தப் பொய்யைத்தான் பொய் என்கிறேன்.

மானிப்பாய் வாசி
பொய் என்ற சொல்லை அளந்து போடுங்கள் அண்ணா. அதை நான் என் வீட்டுக்கு, என் காசில் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு வாருங்கள். விறாந்தையின் இரண்டு பாதியிலும் கையை உயர்த்திப் பிடித்துப் பாருங்கள்.

கோண்டாவில் மேசன்
வருகிறேன். அளவுநாடாவோடு வருகிறேன். முதலில் அந்த இடைவெளியைத்தான் அளப்பேன்.

சாவகச்சேரி மலர்
அணிலுக்கு என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லையே.

பருத்தித்துறை வாத்தியார்
ஓடு போட்டிருந்தால் அந்தப் பஞ்சே தேவைப்பட்டிருக்காது, பிள்ளை.