கம்பியில்லா நம்பர் பேட்: விடுபடும் இலக்கங்களும் நம்லாக் குழப்பமும்

மூன்று பயனர்கள் தங்கள் புனைபெயர்களில் பகிர்ந்த அனுபவங்கள் இவை.

பற்றுவரவு:
என் 14 அங்குல மடிக்கணினியில் தனி எண் பகுதி கிடையாது. ஜிஎஸ்டி பில்களைப் பதிவு செய்வதற்காக, டாங்கிளுடன் (யுஎஸ்பி துளையில் செருகும் சிறிய அலைவாங்கி) வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் நம்பர் பேட், அதாவது எண் விசைகள் மட்டும் கொண்ட சிறு விசைப்பலகை, ஒன்றை வாங்கினேன். அமைப்பதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. மின்கலத்தைப் போட்டு டாங்கிளைச் செருகியதும் விண்டோஸ் அதைச் சாதாரண விசைப்பலகையாகவே ஏற்றுக்கொண்டது. ஆனால் 12,500 என்று தட்டினால் சில வேளைகளில் 1,250 என்று விழுந்தது. சொல்லில் ஓர் எழுத்து குறைந்தால் உடனே கண்ணில் படும். தொகையில் ஒரு சுழியம் குறைந்தால் மாதக் கடைசியில் கணக்கு நேராகாதபோதுதான் தெரியும் என்பதால், இதை அப்படியே விட மனமில்லை.

மின்கலத்தை மாற்றியும் பயனில்லை. வெளி ஹார்டு டிஸ்க்கில் பேக்கப் ஓடும் நேரத்தில்தான் இலக்கங்கள் விடுபடுகின்றன என்பதைக் கவனித்த பிறகே காரணம் பிடிபட்டது. யுஎஸ்பி 3.0 இணைப்பில் தரவு பாயும்போது எழும் மின்காந்த இரைச்சல், டாங்கிள் பயன்படுத்தும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் பரவுகிறது. இன்டெல் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட அறிக்கை இதை விரிவாகவே விளக்குகிறது. ஹார்டு டிஸ்க்கை ஒட்டிய துளையிலிருந்த டாங்கிளைக் கழற்றி, யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிளில் மாட்டி, நம்பர் பேடின் அருகிலேயே வைத்தேன். அதன்பின் ஓர் இலக்கமும் விடுபடவில்லை. கம்பியில்லாக் கருவிக்குத் தனியாகக் கம்பி வாங்கியதை வீட்டில் இன்னமும் கேலி செய்கிறார்கள்.

நிரலி:
என்னுடையது புளூடூத் வகை. இணைக்கும்போது திரையில் தோன்றிய எண்ணை நம்பர் பேடிலேயே தட்டி என்டர் அழுத்த வேண்டியிருந்தது. மடிக்கணினியின் விசைகளில் தட்டினால் இணைப்பு முடிவதில்லை. சிறிது நேரம் தொடாவிட்டால் அது உறங்கிவிடும். எழுப்பும் முதல் அழுத்தம் சில சமயம் பதிவாகாது. ஆகவே இடைவெளிக்குப் பிறகு ஏதேனும் ஓர் இலக்கத்தை அழுத்தி, அது விழுந்தால் அழித்துவிட்டுத்தான் தொகையைத் தட்டுகிறேன்.

பழைய பேரேடு:
சிறிய பழைய மடிக்கணினி வைத்திருப்போர் நம்லாக்கையும் (எண் விசைகளை இயக்கி அணைக்கும் Num Lock விசை) கவனிக்க வேண்டும். விண்டோஸில் அதன் நிலை, இணைந்துள்ள எல்லா விசைப்பலகைகளுக்கும் பொதுவானது. எழுத்து விசைகளுக்குள்ளேயே எண்களை ஒளித்து வைத்திருக்கும் கணினியில், நம்பர் பேடுக்காக நம்லாக்கை இயக்கிவிட்டு ஆங்கிலத்தில் குமார் என்று தட்டினால், முதல் மூன்று எழுத்துகளுக்குப் பதில் 240 என்று விழும். நம்லாக்கை அணைத்தாலோ, நம்பர் பேடின் 8, 2, 4, 6 ஆகியவை அம்புக்குறி விசைகளாகிவிடும். நம்லாக் நிலையைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் மாதிரியை வாங்கியதும் எனக்கு இந்தத் தொல்லை தீர்ந்தது. அத்தகைய கருவிகளில் சில, விசைப்பலகையின் மேல்வரிசை எண்களுக்குரிய குறியீட்டையே கணினிக்கு அனுப்புகின்றன; ஆல்ட் விசையுடன் எண் தட்டிக் குறி இடுவது மேல்வரிசை எண்களில் வேலை செய்யாது என்பதால், ஆல்ட் விசையைப் பிடித்தபடி 0176 தட்டிப் பாகைக் குறி (°) இடும் பழக்கம் உள்ளவர்கள், வாங்குமுன் கடையிலேயே அதைச் சோதித்துக்கொள்வது நல்லது.