மறுமொழி: கவிஞரின் தாள்களுக்குத் ‘தொகுப்பு’ வேண்டாம், ‘தேட்டம்’ என்போம்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஆவணக் கலைச்சொற் பட்டியலில், ஒருவரிடமிருந்து வந்த தாள்கள் முழுவதையும் குறிக்கப் போட்டிருக்கும் ‘தொகுப்பு’ என்ற சொல்லைக் கைவிடுமாறு மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். முந்தைய இரண்டு மடல்களிலும் காரணத்தைச் சுருக்கிச் சொன்னதால் அது வெறும் சொற்பிடிவாதமாகத் தோன்றியிருக்கக்கூடும். இம்முறை நடந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு எங்களிடம் ஒரு கவிஞரின் தாள்கள் வந்து சேர்ந்தன. பெயரை வெளியிடக் குடும்பத்தார் இன்னும் சம்மதிக்கவில்லை. அதனால் கவிஞர் என்று மட்டும் சொல்கிறேன். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் எழுதியவர், பள்ளிக்கூட ஆசிரியர், யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் தோட்டக் காணி வைத்திருந்தவர். வந்தவை இரண்டு றங்குப் பெட்டிகளும் ஒரு பிஸ்கற் தகரமும். 1995 ஒக்ரோபரில் போரால் வந்த இடப்பெயர்வின்போது அவருடைய மனைவி உடுப்புகளை விட்டுவிட்டு இந்தப் பெட்டிகளைச் சைக்கிளில் ஏற்றித் தென்மராட்சி வரை தள்ளிக்கொண்டு போனார். உள்ளே அப்பியாசக் கொப்பிகள், கடிதங்கள், கவியரங்க அழைப்பிதழ்கள், மாணவர்களின் புள்ளிப் பட்டியல்கள், புகையிலைக் கணக்கு எல்லாம் ஒன்றோடொன்று மடிந்து கிடந்தன.

பதிவுப் படிவத்தின் தலைப்பில் ‘தொகுப்பு’ என்று எழுதியவன் நான்தான். உதவிக்கு வந்த பிள்ளைகள் அதை வாசித்தார்கள், தொகுக்கத் தொடங்கினார்கள். கவிதை ஒரு பக்கம், கடிதம் ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம். இரண்டு நாளில் மேசை பார்க்க அழகாக இருந்தது. மூன்றாம் நாள் ஒரு புள்ளிப் பட்டியலின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய எட்டு வரிகளைக் கண்டேன். பின்னாளில் அச்சான நெடும்பாட்டு ஒன்றின் முதல் வரைவு அது. அந்தப் பட்டியல் எந்தக் கொப்பிக்குள் இருந்தது, எந்தக் கடிதத்தோடு சேர்த்து மடித்து வைக்கப்பட்டிருந்தது என்பது இப்போது எவருக்கும் நினைவில்லை. அது தெரிந்திருந்தால் அந்தப் பாட்டு எந்த மாதத்தில், யார் சொன்ன எந்தச் சொல்லுக்குப் பதிலாகப் பிறந்தது என்பது தெரிந்திருக்கும். பிள்ளைகள் மேல் ஒரு பிழையும் இல்லை. படிவத்தில் இருந்த சொல் என்ன வேலையைச் சொன்னதோ அதைத்தான் அவர்கள் செய்தார்கள்.

தொகை, தொகுப்பு என்றால் என்ன என்பதைத் தமிழர்களுக்கு எட்டுத்தொகையைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது. பாடியவர் ஒருவர், தொகுத்தவர் வேறொருவர், தொகுப்பித்தவர் இன்னொருவர். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. நாலடி முதல் எட்டடி வரை குறுந்தொகை, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நற்றிணை, அதற்கு மேல் அகநானூறு என்று அடியை எண்ணி அடுக்கிய ஒழுங்கு தொகுத்தவர்களுடையது. அதனால்தான் கபிலரின் பாட்டுகள் பல தொகைகளிலும் சிதறிக் கிடக்கின்றன. எதை முதலில் பாடினார், பாரி இறந்த பிறகு எவற்றைப் பாடினார் என்று நாம் பாட்டுக்குள்ளிருந்தே ஊகிக்க வேண்டியிருக்கிறது. அந்த நூல்களுக்குத் தொகை என்ற பெயர் மிகப் பொருத்தம். கபிலரின் ஓலைகள் அவர் வைத்திருந்தபடியே ஒரு கட்டாக நம் கைக்கு வந்திருந்தால், அந்தக் கட்டை எந்தச் சொல்லால் அழைத்திருப்போம்? நாம் தேடுவது அந்தச் சொல்லை.

1841இல் பிரான்சின் சுவடிக்கூடங்களுக்கு நத்தாலிஸ் த வையி வகுத்த விதி இதைத்தான் சொன்னது: ஒரு நிறுவனத்திடமிருந்தோ குடும்பத்திடமிருந்தோ ஆளிடமிருந்தோ வந்த தாள்களை ஒன்றாகவே வைத்திருக்க வேண்டும், பிறருடையவற்றோடு கலக்கக் கூடாது. அந்த ஒன்றான முழுமைக்கு அவர்கள் வைத்த பெயரையே (fonds) பல நாடுகளிலும் கடன் வாங்கிப் பயன்படுத்துகிறார்கள். நாமும் அப்படியே எழுதிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொல்லியிருந்தார். தமிழில் எழுதிப் பாருங்கள், ‘ஃபோன்’ என்று வரும். ‘கவிஞரின் ஃபோன்’ என்று ஒரு பெட்டியின் மேல் எழுத முடியாது. ஆனால் அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் அடிப்பொருளைக் கவனிக்க வேண்டும். நிலம், முதல், கையிருப்பு என்று அது ஆதனத்தைக் குறிக்கும் சொல். அறிஞர் அவையில் பிறந்த சொல் அன்று, காணியிலும் கடையிலும் புழங்கிய சொல்.

அதைப் பார்த்த பிறகுதான் எங்கள் ஊர்ப் பேச்சில் அப்படி ஒரு சொல் இருக்கிறதா என்று யோசித்தேன். இருக்கிறது. தேசவழமை தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் பதிவான யாழ்ப்பாணத்து வழமைச் சட்டம் அது. பெற்றோர் வழியில் வருவது முதுசம். பெண்ணுக்குக் கொடுப்பது சீதனம். மணம் செய்த பின் கணவனோ மனைவியோ உழைத்துச் சேர்ப்பது தேடிய தேட்டம். இன்றும் உறுதி எழுதும் நொத்தாரிசு முதல் வேலியோரம் நின்று பேசும் கிழவி வரை எல்லோருக்கும் தெரிந்த சொல். ஒருவர் தம் வாழ்நாளில், வாழ்ந்துகொண்டிருந்த காரணத்தாலேயே, தம் உழைப்பால் சேர்த்து வைத்தது தேட்டம். புகையிலைக் கணக்கும் அதில் அடங்கும், பாட்டும் அடங்கும்.

முதுசம் என்றே வைக்கலாம் என்று ஐயா எழுதியிருந்தார். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து 97,000 நூல்களும் சுவடிகளும் போன பிறகு, மிஞ்சிய ஒவ்வொரு தாளும் நம் எல்லோருக்கும் முதுசம் என்றார். அந்த வரியை வாசித்துவிட்டு வெகுநேரம் பதில் எழுத முடியாமல் இருந்தேன். ஐயா சொல்வது முழு உண்மை. ஆனாலும் அது வாங்குகிற எங்கள் பக்கத்தில் நின்று சொல்கிற சொல், ஐயா. பெட்டிக்குப் பெயர் வைக்கும்போது தேடியவரின் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒருவரின் தேட்டம் பிள்ளைகள் கைக்கு வரும்போது முதுசமாகிறது என்பதும் வழமைதானே. பெட்டியின் மேல் தேட்டம் என்று எழுதுவோம்; அதைக் காக்க வேண்டிய காரணத்தைச் சொல்லும்போது முதுசம் என்று சொல்வோம்.

சென்னை நண்பரின் ஐயம் வேறு. தேட்டம் என்றால் அங்கே பலருக்குத் தேடலும் ஏக்கமும்தான் நினைவுக்கு வரும் என்கிறார். ஆனால் ‘திரைகடல் ஓடியும் திரவியம் தேடு’ என்பதைப் படிக்காத பள்ளிக்கூடம் அங்கும் இல்லை. ‘பாடுபட்டுத் தேடிப் பணத்தைப் புதைத்துவைத்து’ என்று ஔவை கடிந்துகொள்ளும்போது அந்தத் ‘தேடி’ சம்பாதித்து என்றுதான் பொருள்படுகிறது. ஆடு ஆட்டமாகவும் கூடு கூட்டமாகவும் நாடு நாட்டமாகவும் ஆவதைப் போலத் தேடு தேட்டமாகிறது. இணையத்தில் தேடுவதற்குத் ‘தேடல்’ இருக்கிறது, இரண்டும் முட்டிக்கொள்ளா. என். செல்வராஜாவின் ‘நூல் தேட்டம்’ ஈழத்து நூல்களின் விவரப் பட்டியலாக ஏற்கெனவே இருக்கிறதே, குழப்பம் வராதா என்று கேட்டார்கள். எனக்கு அது துணையாகவே தெரிகிறது. நூலகத்துக்குள் இந்தச் சொல்லுக்கு அவர் முன்பே ஓர் இருக்கை போட்டு வைத்திருக்கிறார். தனித்துச் சொல்லும்போது ஐயம் எழுமிடத்தில் ‘ஆவணத் தேட்டம்’ என்று எழுதலாம்.

ஈழத்துக் கவிஞர் மஹாகவி (து. உருத்திரமூர்த்தி) 1966இல் ‘குறும்பா’ என்று பெயரிட்டு ஒரு நூலை வெளியிட்டார். ஆங்கிலத்து ஐந்தடி நகைப்பாட்டின் பெயரை அப்படியே எடுத்து லிமரிக்கு என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். குறுமையும் குறும்பும் ஒரே மூச்சில் கேட்கும்படி மூன்றெழுத்தும் ஓர் ஒற்றுமாகச் செய்துவைத்தார். யாரும் அகராதியைப் புரட்டாமல் ஏற்றுக்கொண்டார்கள். அளவெட்டிக்காரர் ஒருவரால் அது முடிந்திருக்கிறது. நாமும் அந்த அளவுக்கு முயல வேண்டும் என்பது என் ஆசை.

மற்றச் சொற்களில் எனக்குப் பெரிய வழக்கில்லை. தேட்டத்துக்குள் வரும் பிரிவுக்கு ‘வரிசை’ போதும், தனிப்பொருளுக்கு ‘உருப்படி’ போதும். ஒன்றை மட்டும் மாற்றக் கேட்கிறேன். தாள்கள் நம் கைக்கு வந்தபோது இருந்த ஒழுங்குக்கு ‘மூல ஒழுங்குமுறை’ என்று பட்டியலில் போட்டிருக்கிறோம். அதை வாசிப்பவர், கவிஞர் ஏதோ ஒரு முறை வகுத்து அடுக்கினார் என்று நினைப்பார். அவர் அடுக்கவில்லை, வைத்தார். கடிதத்தைக் கொப்பிக்குள் வைத்தார், கொப்பியைத் தகரத்துக்குள் வைத்தார். ‘வைத்த ஒழுங்கு’ என்று எழுதினால் உதவிக்கு வரும் பிள்ளை கையை எடுப்பதற்கு முன் ஒரு கணம் நிற்கும். இரண்டாவது பெட்டியை இப்போது அப்படித்தான் திறக்கிறோம். ஒவ்வொரு தாளையும் எடுக்கும் முன் படம் பிடித்து, மேலிருந்து எத்தனையாவது என்று இலக்கமிடுகிறோம். ஒரு நாளில் முப்பது தாள்கூட முடிவதில்லை.

இன்னொன்றையும் உங்களிடம் கேட்க வேண்டும். அந்த இரண்டாவது பெட்டியில் ஐந்து கொப்பிகள் வேறொரு கையெழுத்தில் இருக்கின்றன. கவிஞரின் கிறுக்கலான வரைவுகளை அவருடைய மனைவி பார்த்து எழுதிய செம்பிரதிகள். சில இடங்களில் அவர் எழுதிய சொல்லுக்கும் வரைவில் உள்ள சொல்லுக்கும் வித்தியாசம் இருக்கிறது. அச்சில் வந்திருப்பது மனைவி எழுதிய சொல். தாளை உருவாக்கியவர் என்ற கட்டத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம் விட்டிருக்கிறோம். தேடிய தேட்டத்தில் இருவருக்கும் பங்கு உண்டு. படிவத்தில் அந்தக் கட்டத்தை அகலமாக்கி இருவர் பெயரையும் எழுத நினைக்கிறேன். மறுப்பு இருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்கு முன் எழுதுங்கள். சனிக்கிழமை பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறோம்.

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து