மீன் தொட்டித் தண்ணீரில் முள்ளங்கி: இலை கொழித்தது, கிழங்குதான் இறங்கவில்லை

வீட்டில் அக்வாபோனிக்ஸ், அதாவது மீன் வளர்க்கும் தண்ணீரிலேயே மண் இல்லாமல் செடி வளர்ப்பது, ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறது. 500 லிட்டர் தொட்டியில் திலேப்பியா மீன், பக்கத்தில் 30 செ.மீ. ஆழத்துக்குச் சுட்ட களிமண் உருண்டை நிரப்பிய இரண்டு பாத்திகள், தண்ணீர் ஏறி நிரம்பியதும் தானாக வடிய ஒவ்வொன்றிலும் ஒரு பெல் சைஃபன் குழாய். கீரையும் புதினாவும் வந்த வேகத்தைப் பார்த்து, முள்ளங்கியும் அப்படியே வந்துவிடும் என்று நம்பினேன். சிறிய சிவப்பு உருண்டை ரகம்தான். 25 முதல் 30 நாளில் எடுத்துவிடலாம்.

மூன்றாம் நாளே முளைத்தது. இருபதாம் நாளில் இலை ஒரு சாணுக்கு மேல், கரும்பச்சையாக. அவ்வளவு சந்தோஷம் எனக்கு. முப்பதாம் நாள் ஒன்றைப் பிடுங்கினால் பென்சில் பருமன்கூட இல்லாத சிவப்பு வேர் வந்தது. அடுத்ததும் அப்படியே. 24 செடியில் உருண்டது இரண்டு மட்டும்.

அந்த இரண்டும் எங்கே நின்றன என்று பார்த்தபோதுதான் விஷயம் கொஞ்சம் புரிந்தது. இரண்டுமே பாத்தியின் ஓரத்தில், பக்கத்தில் துணைச் செடி இல்லாமல், அதிக நேரம் வெயில் விழும் இடத்தில் நின்றவை. மற்றதெல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு ஒன்றின் நிழலில் ஒன்று. முளைத்த செடியைக் களைய மனசு வரவில்லை, அப்படியே விட்டிருந்தேன்.

இரண்டாம் முறை செடிக்குச் செடி 5 செ.மீ. விட்டேன். இரண்டு இலை வந்ததும் கூடுதலாக இருந்ததைக் கத்தரிக்கோலால் அடியோடு நறுக்கிவிட்டேன். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசைந்துவிடுகிறது. நறுக்கிய குருத்தைத் தொட்டியில் போட்டால் திலேப்பியா ஒரு நிமிஷத்தில் தின்று தீர்த்துவிடும். இந்த முறை பாதிக்குப் பாதி கிழங்கு கட்டியது. ஆனால் மீதிப் பாதி ஏன் கட்டவில்லை என்று தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வெயில் எல்லாவற்றுக்கும் ஒன்றுபோல்தான் விழுகிறது.

* * *

அக்கா, ஒரு நாளைக்கு எவ்வளவு தீவனம் போடுகிறீர்கள்? நைட்ரேட் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தீர்களா? எனக்கும் இதே கதைதான் நடந்தது, காரணம் தண்ணீரில் இருந்தது.

என்னிடம் ஒரு சதுர மீட்டர் பாத்திதான். மீன் சீக்கிரம் வளரட்டும் என்று தினமும் 100 கிராமுக்கு மேல் போட்டுக்கொண்டிருந்தேன். ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2014-ல் வெளியிட்ட சிறிய அளவு அக்வாபோனிக்ஸ் கையேட்டில், ஒரு சதுர மீட்டர் இலைப் பயிருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம், காய்ப் பயிருக்கு 50 முதல் 80 கிராம் தீவனம் என்று கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். மீன் கழிவில் வரும் அம்மோனியாவை பாக்டீரியா முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. அந்த நைட்ரேட் அளவுக்கு மீறினால் முள்ளங்கி இலையைத்தான் வளர்க்கும், கிழங்கை மறந்துவிடும்.

இன்னொன்று பொட்டாசியம். தீவனம் மீனுக்காகச் செய்தது, செடிக்குத் தேவையான அளவு பொட்டாசியம் அதில் இருக்காது. என் செடிகளில் அடி இலைகளின் விளிம்பு மஞ்சளாகி, அப்புறம் கருகியதுபோல் காய்ந்தது. மேல் இலை நன்றாகத்தான் இருந்தது. அடி இலையில் தொடங்கினால் பொட்டாசியத்தைச் சந்தேகிக்கலாம். இளம் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்துக் குறை, அது வேறு.

நைட்ரேட் உருவாகும்போது பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) தானாகவே இறங்கும். அதைத் தூக்கிவிட ஒரு முறை பொட்டாசியம் பைகார்பனேட், அடுத்த முறை கால்சியம் ஹைட்ராக்சைடு என்று மாற்றி மாற்றிக் கொடுக்கிறேன். பிஎச்சும் சரியாகிறது, செடிக்கு இரண்டு சத்தும் கிடைக்கிறது. ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, சில நாட்களில் பிரித்து ஊற்றுங்கள். அவசரப்படவே கூடாது. பிஎச் ஏற ஏற அதே அம்மோனியா மீனுக்கு அதிக விஷமாகும். 6.8-க்கும் 7-க்கும் இடையில் நின்றால் மீன், பாக்டீரியா, செடி மூன்றுக்கும் ஒத்துவரும்.

* * *

என் அனுபவத்தில் பாத்தியை எதைக் கொண்டு நிரப்புகிறோம் என்பதும் முக்கியம். நான் முதலில் விதைத்தது தண்ணீர் மேல் மிதக்கும் மிதவைப் பலகையில். கிழங்காக வேண்டிய பகுதி தண்ணீருக்குள்ளேயே கிடந்து அழுகிவிட்டது. பிறகு ஜல்லிப் பாத்திக்கு மாறி, நீள வெள்ளை முள்ளங்கி போட்டேன். ஐம்பத்தைந்தாம் நாள் பிடுங்கியதை இன்றும் மறக்க முடியவில்லை. கிழங்கு இரண்டு இடத்தில் வளைந்து, நடுவில் ஒரு கூரான ஜல்லிக்கல் சதைக்குள் பாதி புதைந்திருந்தது. கத்தி முனையால்தான் நெம்பி எடுத்தேன். கல் இருந்த இடத்தில் அதன் வடிவத்திலேயே ஒரு குழி.

உருண்டை ரகத்துக்குக் களிமண் உருண்டை போதும், அது நகர்ந்து வழி விடும். பிடுங்கும்போது ஒரு கையால் உருண்டைகளை அமுக்கிக்கொண்டால் பாத்தி கலையாது. நீள ரகத்துக்குத் திரி முறைப் பாத்தி அமைத்துவிட்டேன். கீழே தண்ணீர் நிற்கும் அடுக்கு, மேலே தென்னை நார்க்கழிவும் மக்கிய உரமும். மீன் தொட்டித் தண்ணீரை அடியில் விடுகிறேன், அது தானாக மேலே ஏறுகிறது. அங்கிருந்து தண்ணீர் தொட்டிக்குத் திரும்பாது, அதனால் உரத்தின் சாறு மீனுக்குப் போகும் பயமும் இல்லை. ஈரம் ஒரே சீராக இருப்பதால் கிழங்கு வெடிப்பதும் நின்றுவிட்டது.

விதைப்பதிலும் ஒரு விஷயம். பாத்தியில் மேலே 5 செ.மீ. காய்ந்துதான் இருக்க வேண்டும், பாசி வராமல் இருக்க அதுதான் நல்லது. ஆனால் விதை அங்கே முளைக்காது, அல்லது சந்து வழியாக உள்ளே விழுந்துவிடும். எனக்கு சைஃபன் குழாய் ஓரத்தில் ஒரு கொத்தாக முளைத்தது. இப்போது விதைக்கும் இடத்தில் மட்டும் ஒரு சிட்டிகை நார்க்கழிவு வைத்து, அதில் 1 செ.மீ. ஆழத்தில் விதை. முளைக்கும்வரை காலை மாலை கையால் தெளிப்பேன். நாற்று விட்டு நடாதீர்கள், ஆணிவேர் மடங்கினால் கிழங்கும் மடங்கிவிடும்.

* * *

இவ்வளவு பேர் முள்ளங்கி போடுவதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். இலையின் அடியில் அசுவினிப் பூச்சி வந்தது. மண் தோட்டத்துப் பழக்கத்தில் சோப்புக் கரைசல் தெளித்தேன், கொஞ்சம்தான். அது பாத்தி வழியாக வடிந்து தொட்டிக்குப் போயிருக்கிறது. சாயங்காலம் பார்த்தால் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சோப்பு செவுளைப் பாதிக்கும். பாதித் தண்ணீரை மாற்றி, காற்று பம்ப் இன்னொன்று போட்டும் மூன்று மீன்கள் போய்விட்டன. இரண்டு வருஷம் கையிலிருந்து தின்ற கோய் (அழகு மீன்) அவை.

இப்போது விடியற்காலையில் இலையைத் திருப்பிப் பிடித்து வெறும் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறேன். இலையில் குண்டூசித் துளை போடும் குட்டி வண்டுக்கு விதைத்த அன்றே மெல்லிய வலை. வேப்பெண்ணெயும் வேண்டாம்.

* * *

எல்லாருக்கும் நன்றி. தம்பி சொன்னபடி பார்த்தேன், நைட்ரேட் லிட்டருக்கு 150 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. தீவனத்தைக் குறைத்து, கீரைப் பாத்தியை விரிவாக்கி, பொட்டாசியமும் கொடுத்தேன். மூன்றாம் முறை 20 செடியில் 17 கிழங்கு. கட்டாத மூன்றும் சைஃபனுக்குப் பக்கத்தில், புதினா நிழலில் இருந்தவை.

நடுவில் கோடையில் ஒரு தடவை போட்டதை இதில் சேர்க்கவில்லை. சூடு தாங்காமல் பூத்தண்டு விட்டுவிட்டது. கிழங்கு உள்ளே பஞ்சுபோல் இருந்தது, காரம் நாக்கைப் பிடுங்கியது. இரண்டு செடியை மட்டும் விட்டு வைத்திருந்தேன். வெள்ளைப் பூ உதிர்ந்து இப்போது பச்சைக் காய் தொங்குகிறது. இளசாகப் பறித்தால் அதுவும் நன்றாக இருக்கிறது.

இனி ஒரேயடியாக விதைக்காமல் வாரம் பத்து விதை. இன்று காலை முதல் பத்தைப் போட்டுவிட்டு வந்தேன். யாராவது கறுப்பு முள்ளங்கி போட்டிருக்கிறீர்களா? எத்தனை நாள் ஆகிறது?